பத்தொன்பது முறை துணி சிக்கியது

அந்தச் சலவைக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுப் பதினொரு வருடம் ஆகிறது. லாரி டிரைவர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் எழுத்தக்கா. முத்து முத்தான கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்காகவே, துணி எண்ணும் பகுதியில் அவள் சேர்ந்த முதல் மாதத்திலேயே குறைநோட்டைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் ஆபரேஷன் தியேட்டர் துணிகளும் மலைபோல வந்து குவியும் இடம் அது. துவைக்கும் இயந்திரம் ஆறு, பிழியும் இயந்திரம் நான்கு, விரிப்பை உள்ளே இழுத்துத் தேய்த்து மறுபக்கம் தள்ளும் ரோலர் இரண்டு. எதில் என்ன கோளாறு, அப்போது யார் நின்றார்கள், எத்தனை நிமிடம் வேலை நின்றது என்று அன்றன்றைக்குக் குறைநோட்டில் ஏற வேண்டும். சம்பந்தப்பட்டவர்களே எழுதலாம்தான். ஈரக்கையோடு பேனா பிடிக்க யாருக்குப் பொறுமை? டீ நேரத்தில் எழுத்தக்காவின் மேஜையோரம் வந்து நின்று, நடந்ததை வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் எழுதுவாள்.

முதல் வருடம் அவள் உள்ளதை உள்ளபடிதான் எழுதினாள். ஒருநாள் இரண்டாம் நம்பர் ரோலரில் நின்ற பெண்ணின் சட்டைக்கை உள்ளே போய், மணிக்கட்டு வரை சுட்டுவிட்டது. ரோலருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை அதில் பட்டால் அந்த நொடியே ரோலர் நின்றாக வேண்டும். அன்று நிற்கவில்லை. "கம்பியைத் தொட்ட பிறகும் நாலு விரல் தூரம் ஓடித்தான் நின்றது" என்று எழுத்தக்கா எழுதி வைத்தாள்.

அப்போதிருந்த மேனேஜர் நோட்டைப் படித்தார். ரோலரைப் போய்ப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைத்தான் பார்த்தார். "கவனமில்லாத ஆள் நமக்கு வேண்டாம்." அவ்வளவுதான், அன்று மாலையே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். சாப்பாட்டு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது அந்தப் பெண் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்தப் பார்வை எழுத்தக்காவின் நெஞ்சுக்குள் ஆணியாக இறங்கிவிட்டது.

என் பேனாவால் இனி ஒரு குடும்பத்தின் அடுப்பும் அணையக் கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தாள். நல்ல முடிவுதானே? இரக்கத்தில் பிறந்த முடிவுதானே? கெட்டதெல்லாம் கெட்ட மனதில்தான் தொடங்கும் என்று யார் சொன்னது!

அதன் பிறகு இரண்டாம் நம்பரில் எது நடந்தாலும் நோட்டில் ஒரே வாக்கியம்தான் ஏறியது: "துணி சிக்கியது. நிறுத்தி எடுக்கப்பட்டது."

விரல் நுனி பொசுங்கினாலும் துணி சிக்கியது. வளையல் உள்ளே போய் உடைந்தாலும் துணி சிக்கியது. இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர்கூட ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"எழுத்தக்கா, அந்தக் கம்பிக்கு ஸ்பிரிங் வாங்கிக் கொடுங்கன்னு மூணு தடவை கேட்டுட்டேன். காதுல போட்டுக்க மாட்டேங்கிறாங்க. ஆனா நோட்டுல கம்பின்னு வந்துச்சுன்னா முதல்ல என் தலைதான் உருளும். நீங்க துணின்னே போட்டுடுங்க."

"சரி, போ. துணின்னுதான் போட்டிருக்கேன்."

"மகராசி! நீங்க நல்லா இருக்கணும்."

ரோலரில் நிற்கும் பெண்களோ எப்படியும் தப்பித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். இரண்டாம் நம்பரில் விரிப்பின் ஓரத்தை நுனிவிரலால் மட்டும் தள்ளிவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வேண்டும். புதிதாக யாராவது வந்தால், பழையவள் காதோடு காதாகச் சொல்லிவிடுவாள். ரோலர் பக்கம் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எந்த ஏட்டிலும் இல்லாத விஷயம்.

இரக்கம் மட்டும்தானா? மனசாட்சியைத் தொட்டுச் சொன்னால், எழுத்தக்காவே தலையைக் குனிந்துகொள்வாள். டீ நேரத்தில் தன் மேஜையைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்பது அவளுக்குப் பிடித்திருந்தது. "அக்கா, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று அவர்கள் கெஞ்சும்போது, ஒரு ராணி தன் குடிகளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். வீட்டில் அவள் சொல்லுக்கு மதிப்பில்லை. புருஷன் டிவியைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டுவான். இங்கே அவளுடைய ஒரு வரிக்காக நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ருசி யாரை விட்டது?

அவளுக்கு மசியாத ஒரே ஆள், ஒன்றாம் நம்பர் ரோலரில் நிற்கும் பெண். நெஞ்சை நிமிர்த்தி விறைப்பாக நடப்பதால் மிலிட்டரி என்று பெயர்.

"ஒன்றாம் நம்பர்ல ஒரு நட்டு லூஸ். எழுதுங்க."

"நட்டுக்கெல்லாமா எழுதுவாங்க? விடும்மா."

"எழுதுங்கக்கா. எத்தனை சுத்து லூஸுன்னும் எழுதுங்க. நான் நின்னேன்னும் எழுதுங்க. நான் என்ன களவாண்டுட்டா வந்திருக்கேன்?"

எழுத்தக்கா முணுமுணுத்துக்கொண்டே எழுதுவாள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் புது மேனேஜர் வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த, அதிர்ந்து பேசாத மனிதர். வந்த முதல் வாரமே குறைநோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமை காலை, எல்லோரையும் சாப்பாட்டு அறையில் கூட்டினார்.

"மேலிடத்துல ஒரு ரோலர்தான் வச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. இன்னொண்ணை வித்துடணும். வேகத்தைக் கூட்டி ஒண்ணுலயே ஓட்டணும். எதைக் கொடுக்கிறது? இதுவரைக்கும் இங்க யார் சத்தமாப் பேசுறாங்களோ அவங்க சொன்னதுதான் முடிவு. இனிமே அப்படி இல்ல. இந்த நோட்டு சொல்றதுதான் முடிவு."

சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினார். மூன்று வருடத்தில் ஒன்றாம் நம்பரில் அறுபத்துமூன்று கோளாறு. இரண்டாம் நம்பரில் பத்தொன்பது. பத்தொன்பதும் துணி சிக்கியது. இயந்திரத்தின் குற்றம் ஒன்றுகூட இல்லை.

"இவ்வளவு தெளிவா, ஒரு நாள்கூட விடாம எழுதி வச்சிருக்காங்க பாருங்க. வேற எந்தக் கிளையிலயும் இப்படி ஒரு நோட்டு இல்ல. எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க."

கைதட்டல் எழுந்தது. எழுத்தக்காவுக்கு முதலில் முகம் மலர்ந்தது. மறுகணமே சுவரில் இருந்த அந்த எண் கண்ணில் பட்டது. பத்தொன்பது! அவள் கண்ணெதிரே சுட்ட கைகள் வரிசையாக நின்றன.

மிலிட்டரி எழுந்தாள்.

"சார், இரண்டாம் நம்பர் சரியில்ல. அதுல கம்பியத் தொட்டாலும் ரோலர் லேட்டாத்தான் நிக்குது."

"நோட்டுல அப்படி எதுவும் இல்லையே."

"நோட்டுல இருக்காது சார். எழுத்தக்காவக் கேளுங்க. அவங்களுக்குத் தெரியும்."

நாற்பது பேரின் கண்களும் அவள் பக்கம் திரும்பின. ஃபிட்டர் தரையைப் பார்த்தார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் 'வேண்டாம்' என்பதுபோல லேசாகத் தலையசைத்தார்கள். மேனேஜர் புன்னகையோடு காத்திருந்தார். சுவரில் தொங்கிய தாளில் அவளுடைய பதினொரு வருட மானமும் மரியாதையும் தொங்கிக்கொண்டிருந்தன.

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"நோட்டுல என்ன இருக்கோ அதுதான் சார்," என்றாள் எழுத்தக்கா. மிலிட்டரியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

புதன்கிழமை லாரி வந்து, அறுபத்துமூன்று முறை பழுது பார்க்கப்பட்டுக் கச்சிதமாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றாம் நம்பரை ஏற்றிக்கொண்டு போயிற்று. மிலிட்டரி இரண்டாம் நம்பரில் நிற்க மறுத்து, அழுக்குத்துணி பிரிக்கும் இடத்துக்குப் போய்விட்டாள். காலியான இடத்துக்கு, துணி மடிக்கும் பகுதியில் இருந்த ஒருத்தி ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தாள். வேறு யாருமில்லை, எழுத்தக்காவின் ஓரகத்தி! கொழுந்தனின் மனைவி. வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே எழுத்தக்காதான்.

சின்னவள் குடும்பம் மாடியில், எழுத்தக்கா குடும்பம் கீழே. அன்று மாலை மாடிப்படியில் வைத்து எழுத்தக்கா அவளை நிறுத்தினாள். சின்னவள் பெயர் கொடுத்ததிலிருந்தே அவள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். நோட்டைத் திருத்த வேண்டாம், மேனேஜரிடம் போய் நிற்க வேண்டாம், யாருக்கும் தலைகுனிவு வேண்டாம். சின்னவள் காதில் போட்டுவிட்டால் போதும். எப்போதும்போல.

"இந்தா, ஒரு நிமிஷம் நில்லு. நாளைக்கு ரோலர்ல நிக்கும்போது கையை உள்ள விடாத. அந்தக் கம்பியத் தொட்டாலும் ரோலர் உடனே நிக்காது. நுனிவிரலால தள்ளிட்டு இழுத்துக்கோ."

சின்னவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"யாரு சொன்னா? அந்த மிலிட்டரியா? அன்னைக்கு அவ சொன்னப்ப, நோட்டுல இருக்கிறதுதான்னு நீங்களே சொன்னீங்களே."

"நான் சொல்றேன்."

"மேனேஜர் என் முன்னாடி நோட்டைப் புரட்டிக் காட்டினாரே. நீங்க எழுதினதுதானேக்கா? அதுல கம்பியப் பத்தி ஒரு எழுத்து இல்ல. நானும் ஒரு மெஷின்ல நிக்கப் போறேன்னதும் உங்களுக்கு வயிறு எரியுதோ?"

"அடி போடி, கிறுக்கி! உன் நல்லதுக்குத்தான்..."

"அப்ப நோட்டுல இருக்கிறது பொய்யா?"

எழுத்தக்கா நிமிர்ந்து பார்த்தாள். மாடியில் கொழுந்தன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே அவள் புருஷன், டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம், "ஆபீஸ் முழுக்க எந்திரிச்சு கை தட்டினாங்களாம், எல்லாம் நம்ம வீட்டம்மாவுக்கு" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளைப் பற்றி அவன் பெருமையாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"பொய்யில்ல. சும்மா ஜாக்கிரதைக்குச் சொன்னேன்," என்றாள்.

"அப்படிச் சொல்லுங்க!" என்று சிரித்துக்கொண்டே சின்னவள் படியேறிப் போனாள்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. எழுத்தக்கா துணி எண்ணிக்கொண்டிருந்தாள். எழுபத்திரண்டாவது விரிப்பு. அந்த அலறல் கூடத்தின் எல்லா இரைச்சலையும் கிழித்துக்கொண்டு வந்தது. யாருடைய குரல் என்று ஓடிப்போய்ப் பார்க்க அவளுக்குத் தேவையிருக்கவில்லை.

சின்னவளின் வலது கை. கம்பியைத் தொட்டிருக்கிறாள், சரியாகவே தொட்டிருக்கிறாள். கூட்டி வைத்த வேகத்தில் ரோலர் நாலு விரல் அல்ல, ஒரு சாண் ஓடித்தான் நின்றது. ஃபிட்டர் இரும்புக்கடப்பாறையை வைத்து நெம்பித் தூக்கினார். வெள்ளை விரிப்பில் கை அச்சு படிந்திருந்தது. சரியாக, ஐந்து விரலும்.

ஆஸ்பத்திரியில், அவர்கள் துவைத்து அனுப்பிய விரிப்பின் மேலேயே சின்னவளைப் படுக்க வைத்திருந்தார்கள். உள்ளங்கைத் தோல் போய்விட்டது. இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். கட்டிலின் ஒரு பக்கம் கொழுந்தன், கால்மாட்டில் எழுத்தக்கா. மேனேஜர் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எப்படிம்மா ஆச்சு? கம்பியத் தொட்டும் நிக்கலையா?"

சின்னவள் பயந்துவிட்டாள். அந்தப் பயத்தை எழுத்தக்கா அறிவாள். பதினொரு வருடமாக டீ நேரத்தில் அவள் மேஜையோரம் நின்ற பயம். வேலை போய்விடுமோ என்ற பயம்.

"என் தப்புதான் சார். மெஷின் மேல தப்பில்ல. எங்க அக்கா நேத்தே சொன்னாங்க, கையை உள்ள விடாதடி, கம்பியத் தொட்டாலும் உடனே நிக்காதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நான்தான் வாய்க்கொழுப்புல கேக்கல. அவங்க தங்கம் சார். அவங்களையாவது நல்லவிதமா நினைச்சுக்கோங்க."

காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்தப் பேதை அவளைக் கழுவில் ஏற்றிவிட்டாள்!

மேனேஜர் மெல்லத் திரும்பினார். "நீங்க சொன்னீங்களா? உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல இன்னும் ஒரு சந்து மிச்சமிருந்தது. 'சும்மா ஜாக்கிரதைக்கு' என்று நேற்றைப்போலவே சொல்லிவிடலாம். வாயும் திறந்தது. கட்டிலில் கிடந்த அந்தப் பெண்ணின் கண்ணில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை.

"தெரியும் சார்," என்றாள். "அந்தப் பத்தொன்பதுல துணி சிக்கினது ரெண்டே தடவைதான். மத்ததெல்லாம் கை. நான்தான் துணின்னு எழுதினேன். திங்கட்கிழமை மிலிட்டரி எந்திரிச்சுச் சொன்னது அத்தனையும் நிஜம்."

"அண்ணி, நீங்களா?" என்றான் கொழுந்தன்.

சின்னவள் எழுத்தக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மேனேஜர் கத்தியிருந்தால் எழுத்தக்கா பிழைத்திருப்பாள். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "என் மேஜையிலிருந்து அந்த ரோலருக்கு நாற்பது அடி. நடந்துபோய் நின்னு பார்த்திருக்கலாம். எதிர்ல ஒருத்தி வந்து வாயால சொன்னா, நான் நோட்டைக் காட்டினேன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் இரண்டாம் நம்பரை நிறுத்தினார்கள். விற்ற ரோலர் திரும்பி வர வழியில்லை. புதிது வரும் வரை விரிப்புகளை வேறு சலவைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். எழுத்தக்காவை வேலையைவிட்டு அனுப்புவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளும் எதிர்பார்த்தாள், சொல்லப்போனால் ஆசைப்பட்டாள். மேனேஜர் அதைச் செய்யவில்லை. மூன்று வருட நோட்டையும் அவள் முன்னால் போட்டு, "ஒவ்வொண்ணா அவங்கவங்ககிட்ட கேட்டு, நடந்தது நடந்தபடி மறுபடி எழுதுங்க. உண்மையைச் சொன்னதுக்காக யார் வேலையும் போகாது, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார். பக்கத்தில் மிலிட்டரியை உட்கார வைத்தார்.

அந்த ஒரு பகல் அவளுக்கு ஒரு ஜென்மம். டீ நேரத்தில் சிரித்துக்கொண்டு வந்தவர்கள் இப்போது விறைத்த முகத்தோடு வந்தார்கள். மேனேஜரின் கையெழுத்தை அவர்கள் நம்பவில்லை. "நம்பி உன்கிட்டச் சொன்னோம். நீயும் மூடி வச்சே. இப்ப நீயே திறந்து காட்டுறே" என்று ஒருத்தி மேஜையில் அடித்தாள். இன்னொருத்தி கையை மட்டும் விரித்துக் காட்டிவிட்டுப் போனாள். சுட்ட தழும்பு. எழுத்தக்கா அந்தத் தழும்பைத் தினமும் பார்த்தவள்தான். இன்றுதான் அதை எழுதினாள். ஃபிட்டர் வந்து, "நான்தானேக்கா துணின்னு போடச் சொன்னேன், அதையும் எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தைபோல அழுதார்.

பத்தொன்பதாவது முடிந்ததும் மிலிட்டரி எழுந்தாள். குத்திக்காட்டுவாள் என்று எழுத்தக்கா காத்திருந்தாள்.

"அன்னைக்கு நான் எந்திரிச்சப்ப நீங்க ஒரு தடவை என் முகத்தைப் பார்த்திருக்கலாம்க்கா," என்றாள் மிலிட்டரி. "பார்த்திருந்தா சொல்லியிருப்பீங்க."

இருபதாவது ஒன்று பாக்கியிருந்தது. சின்னவளுடையது. அதன் கீழே 'காரணம்' என்று ஒரு வரி சேர்த்து, எழுத்தக்கா தன் முழுப் பெயரை எழுதினாள். முதல்முறையாக அவள் கையெழுத்து கோணிப்போனது.

வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் தானே சொன்னாள். அவன் கேட்டான், எழுந்தான், டிவியைப் போட்டான். அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரரோடு அவன் வாசலில் நின்று பேசுவதில்லை.

சின்னவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை, எழுத்தக்கா மாடிக்கு ஏறினாள். கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். கொழுந்தன் திறந்துவிட்டு விலகி நின்றான். சின்னவள் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது. இடுப்பு வரை தொங்கும் முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. ஒரு கையால் வாரிப் பின்ன முடியுமா?

எழுத்தக்கா பின்னால் உட்கார்ந்து சீப்பை எடுத்தாள். மன்னிப்புக் கேட்க நாலு வாக்கியம் யோசித்து வைத்திருந்தாள். அவளுக்கா வாக்கியம் வராது! ஒன்றும் வாயில் வரவில்லை. நுனியிலிருந்து மெல்ல மெல்லச் சிக்கெடுத்தாள். சின்னவள் தலையை இழுத்துக்கொள்ளவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. பின்னி முடித்ததும் எழுத்தக்கா எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். எட்டு நாள் ஒரு பேச்சில்லை. கண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் வழிந்து, பின்னலுக்குள் இறங்கும். முன்னால் இருப்பவளுக்கு அது தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் அவளும் மூச்சை அடக்கிக்கொள்வாள்.

ஒன்பதாம் நாள் சின்னவள் வாயைத் திறந்தாள். முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா."

"ம்?" எழுத்தக்காவின் கை அப்படியே நின்றது.

"இன்னும் இறுக்கமா பின்னுங்க. மதியத்துக்குள்ள அவுந்துடுது."

"சரிம்மா," என்றாள் அவள். முதலிலிருந்து அவிழ்த்துப் பின்னத் தொடங்கினாள்.